விவசாயக் கண்காட்சியில் நடமாடும் மரம் அரியும் இயந்திரம்: வலிகாமத்தில் ஒரு செய்முறைக் காட்சியின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு பாடசாலை மைதானத்தில் நடந்த விவசாயக் கண்காட்சி. சூரியசக்தியில் நீரிறைக்கும் மோட்டர்களுக்கும் மருந்து தெளிக்கும் கருவிகளுக்கும் நடுவில், நடமாடும் மரம் அரியும் இயந்திரம் ஒன்று பகல் முழுவதும் ஓட்டிக் காட்டப்பட்டது. காலையில் வேப்பங்குற்றி, மதியத்துக்கு முன் பனங்குற்றி, பின்னேரம் தென்னங்குற்றி. வேம்பு நன்றாக அரிபட்டது. பனையில் மூன்றாவது வெட்டிலேயே பலகை அலையடித்தது. இயந்திரத்தை ஓட்டியவர்கள் அந்தப் பலகையை ட்ரெயிலருக்குப் பின்னால் சாத்திவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் வாளை மாற்றிக்கொண்டு, பின்னேரம் தென்னையை எடுத்தார்கள்.

பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் தச்சர்களும் வீடு கட்டுகிறவர்களும். அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய இரண்டு விடயங்கள், மறைத்த பலகையும் யாரும் பார்க்காமல் மாற்றிய வாளும். அந்த இரண்டையும் சுற்றித்தான் இந்த ஆய்வு.

இயந்திரமும் அதற்கு இங்கே இருக்கும் வேலையும்

காட்டப்பட்டது கிடையாக ஓடும் பட்டை வாள் வகை. குற்றி அசையாமல் கிடக்கும். வாளைத் தாங்கிய தலைப்பகுதி இரண்டு தண்டவாளங்களில் தள்ளப்பட்டு அதன் மேலாக நகரும். 14 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சின், மையவிலக்குக் கிளச், ஒரு பெல்ற், 19 அங்குலச் சில்லுகள் இரண்டு, அவற்றைச் சுற்றி ஏறத்தாழ 4 மீற்றர் நீள வாள்பட்டி. பட்டியின் அகலம் 32 மில்லிமீற்றர், தடிப்பு 1 மில்லிமீற்றரைவிடச் சொற்பம் கூட, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 22 மில்லிமீற்றர். வாளை நனைக்கச் சவர்க்காரத் தண்ணீர் சொட்டும் ஒரு கான். எஞ்சின் பாரத்தில் ஓடும்போது மணிக்கு 3 முதல் 4 லீற்றர் பெற்றோல் குடிக்கும்.

ஒலிபெருக்கியில் எஞ்சினைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. அது பொதுவான எஞ்சின். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷினைத் திருத்துகிற எவரும் அதைத் திருத்துவார். பழக வேண்டியது அந்த 1 மில்லிமீற்றர் தடிப்புப் பட்டியை.

இப்படியான இயந்திரத்துக்கு யாழ்ப்பாணத்தில் வேலை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் காட்டு மரம் அரிகிற வேலை அல்ல. இங்கே மரம் வளவுக்குள் தனித்தனியாக நிற்கிறது. ஒரு வேம்பு, ஒரு பலா, எல்லையோரத்தில் இரண்டு பூவரசு. சாய்ந்தாலோ வீடு கட்டத் தறித்தாலோ, ஒழுங்கைக்குள் லொறி திரும்பாது. 48 அங்குலச் சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள பச்சை வேப்பங்குற்றி 300 கிலோவுக்குக் கிட்டவரும். அதைப் படலை வரை உருட்டி, ஏற்றி, மரக்காலைக்குக் கொண்டுபோய், அரிந்து, திரும்பக் கொண்டுவரும் செலவு ஒரு மரத்துக்குக் கட்டாது. அதனால்தான் பல நல்ல வேம்புகள் விறகாகின்றன, அல்லது சங்கிலி வாளால் கண்மட்டத்துக்கு அரியப்பட்டு நிலைக்கும் உதவாமல் கதவுக்கும் உதவாமல் போகின்றன. இயந்திரத்தைக் கழற்றி லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவியந்திரம்) பெட்டியில் கொண்டுபோய் மரம் விழுந்த இடத்திலேயே பூட்டலாம் என்பதே இதன் பலம்.

மட்டம்

காலை முதல் வெட்டுக்கு முன்பு தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் நீர்மட்டம் வைத்துப் பார்த்தார்கள். நடுவில் நூல் பிடித்துப் பார்க்கவில்லை. மைதானம் மழைக்குப் பிறகு காய்ந்த செம்மண், மேலே இறுகி உள்ளே இளகியிருந்தது. 300 கிலோக் குற்றி ஏறியதும் நடுக்கால்கள் இரண்டும் அமிழ்ந்தன. 3 மில்லிமீற்றர் இருக்கும்.

3 மில்லிமீற்றர்தானே என்று விடமுடியாததற்குக் காரணம் இருக்கிறது. தலைப்பகுதி தண்டவாளத்தைப் பின்பற்றுவதால், நடுவில் வாளும் 3 மில்லிமீற்றர் இறங்கி ஓடும். வெட்டிய முகம் நடுவில் 3 மில்லிமீற்றர் குழிவாக வரும். குற்றியைப் புரட்டி அந்த முகத்தைக் கீழே வைத்தால், குழிந்த முகம் இரண்டு முனையிலும் மட்டும் தாங்கி நிற்கும். அடுத்த வெட்டிலும் வாள் நடுவில் 3 மில்லிமீற்றர் இறங்கும். ஆக, சதுரித்த குற்றி நடுவில் 6 மில்லிமீற்றர் மெலியும். இடையில் கழற்றும் பலகைகளின் தடிப்புச் சரியாகவே இருக்கும், ஏனென்றால் மேல் வெட்டும் கீழ் வெட்டும் ஒரே வளைவில்தான் ஓடுகின்றன. அதனால் முதல் நாலைந்து பலகைகளில் பிழை தெரியாது. அடியில் மிஞ்சும் கடைசிப் பலகையில்தான் எல்லாம் வந்து விழும். கண்காட்சியிலும் அப்படியே நடந்தது. கடைசி வேப்பம் பலகை இரு முனையிலும் 1 அங்குலம், நடுவில் முக்கால் அங்குலம். அதைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர், இயந்திரம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பிழை இயந்திரத்தில் இல்லை, நிலத்தில்.

ஒவ்வொரு காலின் கீழும் 1 அடிக்கு 1 அடி அளவில் 2 அங்குலத் தடிப்புப் பலகைத் துண்டு வேண்டும். சீமெந்துக் கல்லும் ஆகும். ஆனால் துளையுள்ள கல்லைப் பக்கவாட்டில் வைத்தால் உடையும். தண்டவாளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறுக்கி நூல் கட்டி, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் இடைவெளி அளக்க வேண்டும். பிறகு குற்றியை ஏற்றி, அதே நூலால் மறுபடி அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவுதான் பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. குற்றி உருட்டும் சாய்தளத்தின் பாரம் இயந்திரத்தின் காலில் இறங்காமல், தனியாக நிலத்தில் ஊன்றியிருப்பது நல்லது. அலவாங்கால் நெம்பி ஏற்றும்போது குற்றி தடுப்புக் கம்பத்தில் மோதும் ஒவ்வொரு அடியும் கால்களை நகர்த்தும்.

வேம்பு: இரும்பு, திறப்பு முகம், கணக்கு

வளவு மரத்தில் முதல் கேள்வி உள்ளே என்ன இரும்பு இருக்கிறது என்பதே. எல்லை வேம்பில் முட்கம்பி ஓடியிருக்கும். மரம் கம்பியை விழுங்கி இருபது முப்பது வருடமாகியிருக்கும். படலைக் கொண்டி, ஊஞ்சல் ஆணி, விளம்பரத் தகட்டு ஆணி எல்லாம் நிலத்திலிருந்து 6 அடிக்குள் இருக்கும். போர் நடந்த மண் என்பதால் ஷெல் சிதறலும் துப்பாக்கி ரவையும் எந்த உயரத்திலும் இருக்கலாம். ஈயக் குண்டை வாள் பெரும்பாலும் அறுத்துக்கொண்டு போய்விடும். உருக்குச் சிதறல் பல்வரிசையைத் தட்டி எடுத்துவிடும். அந்த வாளைத் தீட்டி மீட்க முடியாது.

கையில் பிடிக்கும் உலோகங்காட்டி சில அங்குல ஆழம் வரைதான் சொல்லும். ஆகவே முதலில் ஒருமுறை, ஒவ்வொரு பட்டைப் பலகையும் கழன்ற பிறகு இன்னொருமுறை பார்க்க வேண்டும். கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு: குற்றியின் வெட்டு முகத்தில் நீலங் கலந்த கறுப்புக் கறை தெரிந்தால் அந்த நாரின் வழியில் எங்கோ இரும்பு இருக்கிறது. கண்காட்சிக் குற்றியில் இந்தக் கறை அடிப்பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. அடியிலிருந்து ஒன்றரை அடியை வெட்டிக் கழித்தபிறகுதான் ஏற்றினார்கள். நல்ல முடிவு, ஆனால் ஏன் வெட்டுகிறோம் என்று யாருக்கும் சொல்லவில்லை. நல்ல மரத்தை வீணாக்குகிறார்கள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

பட்டையில் ஒட்டிய மண்ணும் கறையான் புற்றும் இரும்புக்கு அடுத்த எதிரி. உழவியந்திரத்தால் நிலத்தில் இழுத்த குற்றியின் அடிப்பட்டைக்குள் மணல் ஏறியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, வாள் நுழையும் கோட்டில் கோடாலியால் பட்டையைச் செதுக்கிவிட்டால் வாளின் ஆயுள் கூடும்.

குற்றியின் அடிப்பக்க விட்டம் 16½ அங்குலம், நுனிப்பக்கம் 14. அப்படியே கிடத்தினால் அதன் நடுக்கோடு சரிந்திருக்கும். வித்தியாசத்தில் பாதி, அதாவது 1¼ அங்குலம், நுனிப்பக்கத்தை ஆப்பு வைத்து உயர்த்தினால் நடுக்கோடு தண்டவாளத்துக்குச் சமாந்தரமாகும். அதன் பிறகு ஒரு முகத்தைத் திறந்து, பாதி சுற்றி எதிர் முகத்தையும், கால் சுற்றி மற்ற இரண்டையும் எடுத்து, நடுவில் 10 அங்குலச் சதுரத்தை நிறுத்தினார்கள்.

இங்கே கணக்கு ஒன்று போட்டுக் காட்டியிருக்கலாம். கேட்பவர்களின் மனதில் ஓடுவது அதுதான். மரக்காலையில் குற்றி அளக்கும் முறையில் நடுச்சுற்றளவு 48 அங்குலத்தை நாலால் பிரித்து 12; பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, நீளம் 8 அடியால் பெருக்கி, 144ஆல் பிரித்தால் 8 கன அடி. உண்மையில் அந்த உருளையில் இருப்பது 10 கன அடிக்குச் சற்றுக் கூட. கால்சுற்றளவுக் கணக்கு எப்போதும் நூற்றுக்கு 78½ பங்கைத்தான் காட்டும். கழிவுக்கென்று விட்ட இடம் அது.

பட்டை வாள் ஒரு வெட்டில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மரத்தைத் தின்னும். வட்ட வாள் கால் அங்குலம். பலகை அரியும் சட்டத்தில் பூட்டிய சங்கிலி வாள் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 9 மில்லிமீற்றருக்கு மேல். 14 அங்குல நுனியை வைத்து 1 அங்குலப் பலகையாக அரிந்தால், பட்டை வாளில் 10 அங்குல அகலத்தில் 9 பலகையும் ஓரத்தில் 6½ அங்குல அகலத்தில் 4 பலகையும் வரும்: 6.4 கன அடி. வட்ட வாளில் 10 அங்குலப் பலகை 8, ஓரப் பலகைகள் 6 அங்குலம்: 5.8 கன அடி. சங்கிலி வாளில் 7, ஓரம் 5½: 5.1 கன அடி. பட்டை வாளுக்கும் சங்கிலி வாளுக்கும் இடையில் ஒரே குற்றியில் 1.3 கன அடி வித்தியாசம். 10 அங்குல அகலத்தில் 8 அடிப் பலகை இரண்டுக்கு மேல் அது. குற்றி நேராக, கோறையில்லாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. வளைந்த பூவரசில் எந்த வாளும் இதைத் தராது.

நடுப் பலகையில் மரத்தின் குருத்து வரும். அது வெடிக்கும். கதவுப் பலகைக்கு அதை எடுக்காமல் இரண்டாகக் கிழித்துச் சட்டத்துக்கு விடுவதே தச்சர் வழக்கம். காட்சியிலும் அப்படியே செய்தார்கள்.

பனை

பனை அரிய வேண்டும் என்று கண்காட்சி ஒழுங்கு செய்தவர்களே கேட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இந்த இயந்திரத்தைப் பார்க்க வரும் எவருடைய மனதிலும் பனை இருக்கும் என்பதால் அது நியாயமான கேள்விதான். ஓட்டியவர்கள் வேம்பு அரிந்த அதே வாளோடு பனையையும் எடுத்தார்கள். அந்த வாள் அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

மற்ற மரத்தில் வைரம் உள்ளே. பனையில் வைரம் வெளியே, உள்ளே சோறு. வெளிப்புற 2 அங்குலத்துக்குள் கறுத்த நார்கள் நெருங்கிக் கிடக்கும். உள்ளே போகப் போக நார் ஐதாகி, நடுவில் கையால் நுள்ளக்கூடிய பஞ்சு. வாள் குற்றியின் நடுவாக ஓடினால் முதலில் இரும்பு மாதிரியான ஓடு, பிறகு சோறு, பிறகு மறுபடி ஓடு. இந்த நார்களோடு சிலிக்கா மணிகளும் இருக்கின்றன. தென்னையிலும் அப்படித்தான், பனையில் ஓடு இன்னும் கடினம். சிலிக்கா பல்லின் நுனியைத் தேய்த்து வட்டமாக்கும். நுனி மழுங்கிய பல் வெட்டுவதை விட்டுத் தள்ளத் தொடங்கும். தள்ளப்பட்ட வாள், நார் எங்கே ஐதோ அங்கே ஏறும் அல்லது இறங்கும்.

மூன்றாவது வெட்டில் நடந்ததைப் படிப்படியாகச் சொல்லலாம். நுழைந்த முதல் 2 அடியில் தூள் துகளாகத்தான் வந்தது. பிறகு மாவாகியது. எஞ்சினின் சத்தம் இறங்கியது. ஓட்டியவர் தள்ளும் வேகத்தைக் குறைத்தார். மழுங்கிய வாளுக்கு இது உதவாது; மெதுவாகத் தள்ளினால் பல் இன்னும் கூடத் தேய்த்து, இன்னும் கூடச் சூடாகும். சூடான பட்டி நீளும், நீண்டால் இழுவை தளரும், தளர்ந்தால் அலையும். பலகையைத் தூக்கியபோது அதன் மேல் தூள் தட்டையாக அப்பிப்போய் இருந்தது, தொட்டால் சூடு. 4 அடி அலுமினிய நேர்க்கோலை அதன் மேல் வைத்தபோது கோலுக்கும் பலகைக்கும் இடையால் வெளிச்சம் மூன்று இடத்தில் தெரிந்தது. பெரிய இடைவெளியில் பென்சில் நுழைந்தது.

பலகையில் மிஞ்சும் தூளே வாளின் நிலையைச் சொல்லும். தூள் உதிரியாக, கையால் தட்டினால் போகும் அளவில் இருந்தால் எல்லாம் சரி. அப்பிச் சூடாக இருந்தால் பல்லின் செற் (பற்களை மாறி மாறி இரண்டு பக்கமும் வளைத்து வைத்திருக்கும் அளவு) போதாது அல்லது பல் மழுங்கிவிட்டது. பலகையில் ஒரே சீராகக் கோடு விழுந்து, தூள் கொட்டிக் கிடந்தால் செற் அதிகம். பக்கத்துக்கு அரை மில்லிமீற்றர் செற், வன்மரத்துக்கும் பனைக்கும் போதும்.

வழிமுறையும் பிழைத்திருந்தது. பனையை வேம்பு மாதிரி மேலிருந்து கீழே தொடர்ந்து பலகையாக இறக்கக் கூடாது. ஒரு முகத்தில் பட்டையை நீக்கி, 2 அங்குலத் தடிப்பில் ஒரே ஒரு வெட்டு. பிறகு கால் சுற்று. அடுத்த முகத்தில் ஒரு வெட்டு. இப்படி நாலு பக்கமும் வெளி ஓட்டை மட்டும் உரித்து எடுத்து, நடுச்சோற்றை விட்டுவிட வேண்டும். வாள் எந்த வெட்டிலும் கடினத்திலிருந்து சோற்றுக்குள் அதிகம் போகாததால் ஏறி இறங்க இடமிருக்காது. தென்னைக்கும் இதே முறைதான். எடுத்த 2 அங்குலப் பலகையை நிமிர்த்தி 4 அங்குல அகலத்தில் கிழித்தால் நாலுக்கு இரண்டு கூரை வளை. அதைக் கூரையில் 4 அங்குலம் நிமிர்ந்து நிற்க வைக்கும்போது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரே அளவு வைரம் இருக்கும்.

வாளின் சாய்வும் பார்க்க வேண்டும். கண்காட்சியில் பூட்டியிருந்தது 10 பாகைச் சாய்வுள்ள பல், மென்மரத்துக்கும் நடுத்தர மரத்துக்கும் ஏற்றது. பனை ஓட்டில் அது கொத்தி இழுக்கும். 4 அல்லது 7 பாகைப் பல் அமைதியாக ஓடும். பல் நுனியில் ஸ்டெலைற் என்ற கடின உலோகம் வைத்த பட்டிகளும் வருகின்றன; பனை, தென்னை மாதிரிப் பல்லைத் தேய்க்கும் மரங்களுக்கு அவை ஏற்றவை. விலை கூட. ஆனால் பனையையே தொழிலாக அரிய நினைப்பவருக்கு வேறு வழி கிடையாது என்பது எங்கள் முடிவு.

பனை அரிபடும்போது வயதான தச்சர் ஒருவர் கயிற்றின் இந்தப்பக்கம் நின்று கேட்டார்: “தம்பி, நாங்கள் ஆப்பு வைச்சுப் பிளந்தால் அது நார் போற வழியில போகும். நீங்கள் நேரா அரிஞ்சால் நார் அறுந்திடுமே?”

“மரம் நேரா இருந்தால் அறாது ஐயா” என்றார் ஓட்டியவர்.

கேள்வி பதிலைவிடப் பெரியது. பிளக்கும்போது நார் தலையிலிருந்து அடிவரை முழுதாக ஓடும், அதனால் பிளந்து செதுக்கிய பழைய வளைகள் மெலிந்திருந்தாலும் கூரை ஓட்டின் பாரத்தைத் தாங்கின. அரியும்போது மரம் முறுகியிருந்தால் நார் பலகையின் ஓரத்தில் வெளியேறும். சாதாரண மரத்தில் 10 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் நார் சரிந்தாலே வளைவைத் தாங்கும் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே பனை வளையை அரிவதற்கு முன் வெளி ஓட்டில் நாரின் ஓட்டத்தைப் பார்த்து, நேரான குற்றியைத்தான் எடுக்க வேண்டும். முறுகிய குற்றி வேலித் தூணுக்குப் போகட்டும்; அதைக் கோடாலிக்கு விடுவதும் தவறல்ல.

வாள் மாற்றம்

காட்சியின் மிக முக்கியமான பத்து நிமிடம், எல்லோரும் சோற்றுப் பார்சலோடு மர நிழலுக்குப் போன பிறகு நடந்தது. வாளை மாற்றுவது கடினமான வேலை இல்லை. ஆனால் வாங்குபவர் வேலைநாளில் நாலைந்து தடவையாவது செய்யவேண்டிய வேலை.

எஞ்சினை நிறுத்தி பிளக் வயரைக் கழற்றுவது முதல் வேலை; கிளச் விட்டுவிட்டது என்பதை நம்பக் கூடாது. இழுவைத் திருகைத் தளர்த்தி, மூடியைத் திறந்து, தோல் கையுறையோடு பட்டியை வெளியே எடுக்க வேண்டும். சில்லில் ஓடும் பெல்ற்றில் தூள் அப்பியிருந்தால் சுரண்ட வேண்டும். அதன் மேல் பட்டி ஏறினால் ஒரு சுற்றுக்கு ஒருமுறை துள்ளும். புதிய பட்டியைப் பூட்டும்போது பல் சரியான திசையைப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் சுருட்டி வைத்த பட்டியை உள்வெளியாக விரித்துவிட்டால் பல் பின்னோக்கி நிற்கும், வாள் ஓடும், மரம் அறுபடாது. இழுவை ஏற்றி, சில்லைக் கையால் சுற்றி, பட்டி சில்லின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, வழிகாட்டும் றோலரின் விளிம்புக்கும் பட்டியின் முதுகுக்கும் இடையில் 2 முதல் 3 மில்லிமீற்றர் விட வேண்டும். இடைவெளி இல்லாமல் பட்டி விளிம்பில் உரசினால் முதுகு சூடாகி வெடிப்பு விழும். இடைவெளி கூடினால் தள்ளும்போது பட்டி பின்னால் போய்ச் சில்லிலிருந்து நழுவும். றோலர் பட்டியைச் சில்லின் மட்டத்திலிருந்து 6 மில்லிமீற்றர் கீழே அழுத்தி நிற்க வேண்டும். அந்த அழுத்தம்தான் வாளை மட்டமாகப் பிடிக்கிறது.

சுத்தமான வேம்பில் ஒரு பட்டி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஓடும். பனையில் அதில் ஒரு பகுதி நேரம்தான் ஓடும். மழுங்கிய பிறகும் இழுத்தடித்தால் பல்லிடைக் குழியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து பிறகு அறும். தீட்டும்போது நுனியை மட்டும் தொடாமல் குழியையும் முழுதாக உரசி எடுத்தால் அந்த வெடிப்புகள் போய்விடும். இரண்டு மூன்று தீட்டலுக்கு ஒருமுறை செற் பார்க்க வேண்டும். வேலை முடிந்து போகும்போது இழுவையைத் தளர்த்திவிட வேண்டும். இறுகியபடி இரவு நின்றால் சில்லுப் பெல்ற்றில் தடம் விழும்.

தீட்டும் மெஷினும் செற் மெஷினும் சேர்த்து வாங்காதவர், ஒவ்வொரு முறையும் வாளை வெளியே தீட்டக் கொடுத்துக் காத்திருப்பார். கண்காட்சியில் விலை கேட்டவர்கள் எல்லோரும் இயந்திரத்தின் விலையைத்தான் கேட்டார்கள். பத்துப் பட்டி, தீட்டும் மெஷின், செற் மெஷின் சேர்த்து என்ன விலை என்றே கேட்க வேண்டும். விற்பவரும் அப்படியே சொல்ல வேண்டும்.

தென்னையும் காயவைப்பதும்

புதிய வாளோடு, நாலு பக்கமும் உரித்தெடுக்கும் முறையில் தென்னை ஒழுங்காக வந்தது. வெளிப்பகுதியின் அடர்த்தி கன மீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல், நடுப்பகுதி 400 கிலோவுக்குக் கீழ். நடுப்பகுதியைச் சுமை தாங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. அரிந்த சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அன்றைக்கே போறன் கரைசலில் தோய்த்து அடுக்குவது நல்லது.

அரிந்த பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வெயிலில் போட்டிருந்தார்கள். பின்னேரத்துக்குள் வேப்பம் பலகையின் முனையில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தது. தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும் மாதங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். வெயிலோடு காற்றும் சேர்ந்து முனையை உலர்த்தி வெடிக்க வைக்கிறது. முனைக்கு அன்றே தடிப்பாகப் பெயின்ற் பூசி, நிழலில் நிலத்திலிருந்து 1 அடி உயரத்தில், 1 அங்குலச் சதுர இடைச்சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, நேர்க்குநேர் ஒன்றின் மேல் ஒன்று வரும்படி வைத்து அடுக்க வேண்டும். மேலே பாரம் வேண்டும். பனைப் பலகையின் இரண்டு முகமும் ஒரே அளவில் சுருங்காது என்பதால் அதற்குக் கட்டாயம் வேண்டும்.

கூட்டம், காற்று, சத்தம்

காலையில் தூள் வெளியேறும் வாய் கூட்டத்தைப் பார்த்திருந்தது. காற்றும் அந்தப் பக்கம். அரை மணி நேரத்தில் முன்வரிசை கலைந்தது. இயந்திரத்தை வைப்பதற்கு முன்பு அன்றைய காற்றைப் பார்த்து, தூள் காற்றின் போக்கில் வெறும் நிலத்துக்குப் போகும்படி திருப்பி வைத்திருக்க வேண்டும். பூட்டி மட்டம் எடுத்த பிறகு திருப்ப முடியாது.

அதைவிட முக்கியம், பட்டி அறுந்தால் அது ஓடும் தளத்தில், சில்லுகள் இரண்டின் வெளிப்பக்கமாகத்தான் வீசப்படும். மூடிகள் தடுக்கும், ஆனால் அந்த நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கயிறு கட்டியிருந்த 3 மீற்றர் போதாது. கயிற்றுக்குக் கீழால் பிள்ளைகள் புகுந்தார்கள். கயிறு வேண்டாம், இடுப்புயரக் கம்பி வேலி வேண்டும். குற்றி உருட்ட உதவிக்கு வந்த ஒருவர் சாரத்தோடு நின்றார். சாரமும் சால்வையும் சுழலும் பெல்ற்றுக்குக் கிட்ட வரக் கூடாது. வலது பக்கம் ஒரு தீயணைப்பான் இருந்தது, சைலன்சரைச் சுற்றித் தூள் குவிந்தும் இருந்தது. தூளை அடிக்கடி கூட்டினால் தீயணைப்பானை எடுக்க வேண்டி வராது.

எஞ்சின் ஓடும்போது ஒலிபெருக்கியில் விளக்கியதை யாரும் கேட்கவில்லை. ஒரு வெட்டு, எஞ்சினை நிறுத்து, பலகையைக் கையில் கொடு, பேசு. இந்த வரிசையில் மூன்று குற்றிக்குப் பதிலாக ஒரு குற்றிதான் முடியும், ஆனால் போதும்.

அனுமதி

பலாவையும் பெண்பனையையும் இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. சொந்த வளவு மரம் என்றாலும் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். மரத்தை ஏற்றிச் செல்லவும், அரியும் தொழிலை நடத்தவும் வனத் திணைக்களத்தின் விதிகள் தனி. இயந்திரம் வாங்குவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். கண்காட்சியில் பனங்குற்றியைப் பார்த்து “இது எங்கே தறிச்சது, பெர்மிற் இருக்கோ அண்ணை?” என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அனுமதி எடுத்துத்தான் இருந்தார்கள், ஆனால் கடிதம் வீட்டில். அதன் பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் குற்றியின் முனையிலேயே அடித்துவிடலாம். வாள் ஓடும் பக்கத்தில் ஆணி அடிக்காமல்.